பல் எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் உங்களுக்கு என்ன நடந்தது?

தஞ்சை_மருமகள்

மாமியாருக்குப் பல்செட் கட்டுவதற்கு முன்னால் ஓபிஜி (எல்லாப் பல்லும் தாடையும் ஒரே படத்தில் விழும் பெரிய எக்ஸ்ரே) எடுத்து வரச் சொன்னார்கள். எடுக்கிற இடத்தில் தோடு, மூக்குத்தி, சங்கிலி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொன்னதும் அத்தையின் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். மற்றதெல்லாம் வந்துவிட்டது. இடது காதுத் தோட்டின் திருகாணி மட்டும் அசையவில்லை. தேங்காய் எண்ணெய் வரைக்கும் போட்டுப் பார்த்தோம். பின்னால் ஆட்கள் காத்திருந்ததால் "சரி விடுங்கம்மா" என்று அந்தப் பையன் அப்படியே எடுத்துவிட்டான்.

ராத்திரி ஃபிலிமை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறோம். இடது காதில் தோடு பளிச்சென்று தெரிகிறது, அது சரி. வலது பக்கம் மேல் தாடைக்கு மேலே, மூக்கை ஒட்டி, இன்னொரு வெள்ளைத் திட்டு. கலங்கலாக, பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி. என் வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினார். அதில் ஒரு மகானுபாவர் "கட்டியா இருக்குமோ" என்று எழுத, அத்தை ராத்திரி சாப்பிடவே இல்லை.

மறுநாள் டாக்டர் பார்த்ததும் சிரித்துவிட்டார். "இது கட்டி இல்லம்மா, அந்த இடது தோடுதான். மெஷின் தலையைச் சுத்தி வர்றதால எதிர்ப் பக்கமும் ஒரு நிழல் விழும். கொஞ்சம் மேல ஏறி, மங்கலா விழும்" என்றார். சிரித்தாலும், அந்த நிழல் மறைத்த இடத்தில் வேர்த்துண்டு ஏதாவது கிடக்கிறதா என்று பார்க்கத் தனியாகச் சின்ன எக்ஸ்ரே ஒன்று எடுக்கத்தான் வேண்டியிருந்தது. வேறு யாருக்காவது இப்படி ஆனதா?

பொள்ளாச்சிப்_பையன்

உங்கள் அத்தையாவது கொடுத்துவைத்தவர். அந்த மெஷின் வாய்க்கு வெளியேதான் சுற்றுகிறது. எனக்கு ஆர்விஜி, வாய்க்குள் சென்சார் வைத்து எடுக்கும் டிஜிட்டல் எக்ஸ்ரே. நல்ல கனமான சென்சார் ஒன்றை ஒயரோடு நாக்குக்கும் பல்லுக்கும் நடுவே திணித்து "அப்படியே கடிங்க, அசையாதீங்க" என்றார்கள். கடைசிக் கடைவாய்ப் பல் வேறு. தொண்டை புரட்டியதில் அந்த நர்ஸம்மாவின் கையுறை நாசம். அவங்க கோபப்படவே இல்லை. உள்ளே போய்க் கொஞ்சம் பொடியுப்பு கொண்டுவந்து நாக்கு நுனியில் வைத்து, "மூக்கால மூச்சு விட்டுக்கிட்டே வலது காலைத் தூக்குங்க" என்றார். நாற்காலியில் சாய்ந்தபடி உப்புக் கரிக்கக் கரிக்கக் காலைத் தூக்கிக்கொண்டு இருந்தேன். டக்கென்று எடுத்துவிட்டார்கள். உப்பு வேலை செய்ததா, கால் வேலை செய்ததா, இன்றைக்கு வரை தெரியவில்லை.

சேலம்_செல்வி

ஓபிஜி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எல்லாப் பல்லும் ஒரே படத்தில் வருவதால் எல்லாப் பிரச்சினையும் அதில் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். எனக்கு ஐஸ்கிரீம் பட்டால் மட்டும் மின்னல் மாதிரி கூசும். ஒரு கிளினிக்கில் ஓபிஜி எடுத்து "எல்லாம் நல்லா இருக்கு, பேஸ்ட்டை மாத்துங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பேஸ்ட்டை மாற்றியும் கூசியது.

வேறு டாக்டரிடம் போனேன். அவர் ஒரு பல்லைப் பிடித்து எடுக்காமல், ஒரு இறக்கை மாதிரி இருந்த அட்டையைக் கடிக்கச் சொல்லி, மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேர்ந்து விழுகிற மாதிரி எடுத்தார். பைட்விங். திரையைத் திருப்பி, பேனா முனையால் காட்டினார்: இரண்டு கடைவாய்ப் பற்கள் ஒன்றையொன்று தொடும் இடத்தில், எனாமலுக்குள் குட்டியாக ஒரு கறுப்பு முக்கோணம். கண்ணாடியில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், மேலே இருந்து பார்த்தால் பல் முத்து மாதிரி இருக்கும். ஓபிஜியில் அந்த இடத்தில் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுவதால் மறைந்துவிடுமாம். அடைத்ததோடு முடிந்தது. இன்னும் கொஞ்ச நாள் பேஸ்ட்டை நம்பியிருந்தால் வேர் சிகிச்சைதான்.

நியாயத்தராசு

எனக்கு இதெல்லாமே சந்தேகமாகத்தான் இருக்கிறது. உள்ளே நுழைந்ததும் ஒரு எக்ஸ்ரே, வேர் சிகிச்சை நடுவில் ஒரு எக்ஸ்ரே, முடிந்ததும் ஒரு எக்ஸ்ரே. ஒவ்வொன்றுக்கும் பில். என் மனைவி நாலு மாதக் கர்ப்பமாக இருந்தபோது பல்வலி என்று போனோம். ஈய அங்கி எங்கே என்று கேட்டேன். அந்தப் பெண் அலமாரிக்குப் பின்னால் மடித்துக் கிடந்ததை உதறி எடுத்துவந்தாள், மேலெல்லாம் தூசி. அந்தத் தூசியைப் பார்த்ததுமே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கதிர்வீச்சு விஷயத்தில் இப்படி விளையாடலாமா?

நாஞ்சில்_ரேடியோகிராஃபர்

நியாயத்தராசு சார், தூசி படிந்த அங்கிக்கு நானும் கோபப்படுவேன். மடித்து வைத்ததற்கு இன்னும் அதிகமாகக் கோபப்படுவேன், மடித்தால் உள்ளே இருக்கும் ஈயத்தாள் விரிசல் விடும். ஆனால் மனைவியை வலியோடு கூட்டிவந்தது சரியில்லை. பல்லுக்குள் சீழ் பிடித்தால் அதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து. தேவைப்படும் பல் எக்ஸ்ரேயைக் கர்ப்ப காலத்திலும் எடுக்கலாம் என்பதுதான் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நிலை. எக்ஸ்ரே கற்றை விழுவது தாடையில், வயிற்றில் இல்லை.

இப்போது கணக்கு. ஒரு பல்லுக்கு எடுக்கும் சின்ன எக்ஸ்ரேயில் கிடைப்பது சுமார் 5 மைக்ரோசீவர்ட் (உடம்பில் விழும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). சும்மா வீட்டில் உட்கார்ந்திருந்தாலே மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் வருவது, உலக சராசரியில், வருஷத்துக்கு 2400 மைக்ரோசீவர்ட். அதாவது ஒரு நாள் உயிரோடு இருப்பதும் ஒரு பல் எக்ஸ்ரேயும் ஏறக்குறைய ஒன்று. ஓபிஜி அதைப் போல இரண்டு முதல் ஐந்து மடங்கு. எங்கள் பக்கம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கதிர்வீச்சுள்ள கனிமம் இருப்பதால் இயற்கையாகவே கதிர்வீச்சு கூடுதல், அங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கிறார்கள்.

அங்கி விஷயம்: அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கமே 2024-ல், பல் எக்ஸ்ரேக்கு ஈய அங்கியும் கழுத்துப் பட்டையும் இனி வழக்கமாகத் தேவையில்லை என்று பரிந்துரைத்துவிட்டது. காரணம், இன்றைய மெஷின்களில் கற்றை குறுகலாக அடங்கி விழுகிறது. ஓபிஜியில் கழுத்துப் பட்டை போட்டால் அதுவே படத்தை மறைத்து, மறுபடி எடுக்க வைக்கும். நீங்கள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டால் யாரும் தடுக்கப்போவதில்லை, ஆனால் அங்கி இல்லை என்பதற்காக ஓட வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு: மெஷின் ஏஇஆர்பியில் (மத்திய அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம்) பதிவாகி இருக்கிறதா, போன தடவை எடுத்த படத்தை வைத்துச் சமாளிக்க முடியாதா, இந்தப் படத்தில் எதைத் தேடுகிறீர்கள். வேர் சிகிச்சையில் பல தடவை எடுப்பது பில்லுக்காக மட்டும் இல்லை, ஊசி வேர் முனையைத் தொட்டதா, அடைத்த மருந்து கடைசி வரை போனதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் அடைத்தவர்களிடம் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லவில்லை. 1896-ல் ஜெர்மனியில் வால்காஃப் என்ற பல் மருத்துவர் தன் பல்லையே படம் பிடிக்க 25 நிமிஷம் அசையாமல் கிடந்தார். அமெரிக்காவில் கெல்ஸ் என்பவர் வருஷக்கணக்கில் தன் கையாலேயே ஃபிலிமைப் பிடித்து எடுத்து, விரல் விரலாக இழந்து கடைசியில் கையையே இழந்தார். இன்றைக்கு ஒரு நொடியில் சின்னப் பங்குதான். ஆனாலும் உங்கள் வாயில் ஃபிலிமை ஊழியர் தன் விரலால் பிடித்துக்கொண்டு நின்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்குத்தான் ஹோல்டர் இருக்கிறது.

என் அனுபவம் என்று கேட்டால், ஓபிஜியில் நாக்கை அண்ணத்தில் ஒட்டிவைக்கச் சொல்லி நான் கெஞ்சாத நாள் இல்லை. ஒட்டாவிட்டால் மேல் பல் வேர்களின் மேல் கறுப்புப் பட்டை விழும். அவ்வளவுதான்.

நியாயத்தராசு

அப்பா, நான் கேட்டது ஒரு கேள்வி, வந்தது ஒரு பாடப் புத்தகம். மடித்து வைக்கக் கூடாது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

கோவை_அம்மா

சண்டைக்கு நடுவே என் கதை. பையனுக்கு எட்டு வயது. கீழ்க் கடைவாய்ப் பால்பல் சொத்தை. "பால்பல்தானே, எடுத்துடுங்க" என்று நானே சொன்னேன். டாக்டர் ஒரு ஓபிஜி எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார். அந்தப் படத்தை நீங்கள் பார்க்க வேண்டும்! ஒவ்வொரு பால்பல்லுக்கு அடியிலும் நிரந்தரப் பல் ஒன்று மாடி வீட்டுக் கீழ்த்தளத்தில் குடியிருப்பதுபோல் காத்திருக்கிறது. சொத்தைப் பல்லுக்குக் கீழே மட்டும் வெறும் எலும்பு. பல் முளையே உருவாகவில்லை. மறுபக்கம் இருக்கிறது, இந்தப் பக்கம் இல்லை.

"இதை எடுத்துட்டா அந்த இடம் காலியாத்தான் இருக்கும்" என்றார். அதனால் சுத்தம் செய்து, அடைத்து, தொப்பி போட்டு அந்தப் பால்பல்லையே காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஆயா கேட்டார், "பால்பல்லுக்குப் போய் இவ்வளவு செலவா?" படத்தைக் காட்டினேன். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை, பேரனின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிங்கை_மணி

ஞானப்பல் எடுக்க ஓபிஜி பார்த்த டாக்டர், வேரும் கீழ்த்தாடை நரம்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுகிறது, முன்னே பின்னே தெரியவில்லை என்று சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுக்கச் சொன்னார். திரையில் தாடையைத் துண்டு துண்டாக நகர்த்திக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார். வேரின் இரண்டு காலுக்கும் நடுவில் நரம்புக் குழாய் புகுந்து போகிறது. "இதை இழுத்தா உதடு மரத்துப் போகலாம்" என்றார். பல்லின் தலையை மட்டும் வெட்டி எடுத்து வேரை உள்ளேயே விட்டுவிட்டார். உதட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேடியோகிராஃபர் ஐயா சொன்ன கணக்கில் இதுதான் கூடுதல் அளவு என்று நினைக்கிறேன், ஆனால் எனக்கு வேறு வழி இல்லை.

முறுக்குப்_பிரியன்

எல்லோரும் எக்ஸ்ரேயில் தெரிந்ததைச் சொல்கிறீர்கள். எனக்குத் தெரியாமல் போனது. கடிக்கும்போது இல்லை, கடித்துவிட்டு வாயைத் திறக்கும்போது சுரீரென்று வலி. சின்ன எக்ஸ்ரே, ஓபிஜி, இரண்டும் சுத்தம். கடைசியில் ஒரு டாக்டர் பல்லின் ஒவ்வொரு மேட்டிலும் ஒரு பிளாஸ்டிக் குச்சியை வைத்துக் கடித்து விடச் சொன்னார். ஒரு மேட்டில் மட்டும் துள்ளிவிட்டேன். பல்லில் விரிசல். முன்னும் பின்னுமாக ஓடும் விரிசல் எக்ஸ்ரேக்கு முகம் காட்டாதாம். இப்போது உலோகக் கேப் போட்டிருக்கிறேன். மறுபடி எடுத்தால் கேப்புக்குள்ளே என்ன நடக்கிறது என்று தெரியுமா?

நாஞ்சில்_ரேடியோகிராஃபர்

கேப் முழுக்க வெள்ளையாக மறைத்துவிடும். அதன் விளிம்பும் வேர் முனையும் தெரியும். விளிம்புக்கு அடியில் கறுப்பு விழுந்தால் டாக்டரிடம் போங்கள்.