கேஸ்ட் அயர்னை நசுக்கி ஃபினிஷ் பண்றாராம்!

கணபதி_லேத்: காலையில ரிங்மாஸ்டர் போட்ட பதிவைப் படிச்சதுல இருந்து டீ இறங்கல. 25 மில்லிமீட்டர் கேஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) போர்ல, அதாவது துளையில, கெட்டியான கார்பைடு ரிங் கோத்த புரோச்சை (துளைக்குள்ள தள்ளற கம்பி டூலை) பிரஸ்ல வெச்சு ஒரே தள்ளாம். சிப் (வெட்டுத் தூள்) வராதாம், கல்லு வெச்சுத் தேய்க்கற ஹோனிங் வேண்டாமாம், எச்7ங்கற துல்லிய அளவு நிக்குமாம். ஸ்டீலுக்குச் சரி. கேஸ்ட் அயர்ன் அப்பளமுங்க. அமுக்கினா நொறுங்கும்.

ரிங்மாஸ்டர்: இழுத்தாத்தான் அப்பளம். ரிங்குக்கு அடியில சுத்தியும் நெருக்கினா மேல்தோல் நகரும். உக்ரைன் கீவ்ல இருக்கற சூப்பர்ஹார்டு மெட்டீரியல்ஸ் இன்ஸ்டிட்யூட்ல இந்த வேலையை எப்பவோ ஆராய்ஞ்சாச்சு.

கணபதி_லேத்: கீவ் கெடக்கட்டும். துளையைப் பனியன் வேஸ்ட் துணியில துடைச்சு போட்டோ போட்டீங்களே, துணி ஏன் கருப்பு? சிப் இல்லைன்னா அது என்ன, கண்மையா?

ரிங்மாஸ்டர்: கிராஃபைட். செதில் செதிலா உள்ள இருக்கறது பிதுங்கிப் பூசிக்குது. பென்சில் பிடிச்சதே இல்லீங்களா?

மைக்ரான்: சுவர் தடிப்பு எவ்வளவுங்க? மெல்லிசா இருந்தா வெளிப்பக்கம் இழுபட்டு நீளவாக்குல விரிசல் விடும். ரிங் தாண்டினதும் போர் கொஞ்சம் சுருங்கவும் செய்யும். 25 எச்7ன்னா அளவு கூட இருக்கலாம்ங்கறது மொத்தமே 21 மைக்ரான்தான்.

கணபதி_லேத்: தடிப்பு அப்புறம். துணி ஏன் கருப்பு?

டிப்ளமோ_98: முதல்ல, இது பர்னிஷிங், அமுக்கி வழவழப்பாக்கறது. பல்லு இல்லாதது எப்படி புரோச் ஆகும்?

ரிங்மாஸ்டர்: ஒவ்வொரு ரிங்கும் முன்னதைவிடத் துளி பெருசு. வெட்டாத பல்லு.

டிப்ளமோ_98: அப்ப எங்க தாத்தாவும் புரோச்தான்.

ஹோனிங்_கடை: ஹோனிங்ல குறுக்குக் கோடு விழும், எண்ணெய் நிக்கும். உங்க வழவழப்புல எங்க நிக்கும்?

ரிங்மாஸ்டர்: உங்க கல்லுத் தூள் கிராஃபைட் குழியில ஒளிஞ்சு ஷாஃப்ட்டைத் தின்னுமே, அதையும் கஸ்டமருக்குச் சொல்றீங்களா?

ஹோனிங்_கடை: மண்ணெண்ணெய்ல மூணு தடவை கழுவறோம். வந்து பாத்துட்டுப் பேசுங்க.

கணபதி_லேத்: பேச்சை அங்க கொண்டு போகாதீங்க. அந்தத் துணியில காந்தம் வெச்சீங்களா? ஒட்டினா இரும்பு.

ரிங்மாஸ்டர்: வெச்சேன். லேசா ஒட்டுச்சு. அது முன்னாடி துளையைச் சீவற ரீமர் ஓட்டினப்ப தங்கின தூள்.

கணபதி_லேத்: ஒட்டுச்சா! எல்லாரும் பாத்துக்குங்க, ஒட்டுச்சாம்!

ரிங்மாஸ்டர்: கழுவாம தள்ளினது என் தப்பு, முறையோட தப்பில்ல. அப்புறம், ரெண்டு வருஷம் முன்னாடி வாங்கிட்டுப் போன துளை அளவு பாக்கற என் 25 பிளக் கேஜ் எங்க?

கணபதி_லேத்: அது வரும்போதே துளைக்குள்ள போக வேண்டிய "கோ" பக்கம் தேஞ்சு கெடந்துது. பேச்சை மாத்தாதீங்க. துணி கருப்பு.

டிப்ளமோ_98: தேஞ்ச கேஜ்ல பாத்துத்தான் எச்7னு எழுதினாரா?

மைக்ரான்: சுவர் தடிப்பு???

கணபதி_லேத்: நாளைக்கு நானே வர்றேன். வெள்ளை வேட்டியைக் கிழிச்சு எடுத்துட்டு வர்றேன். என் முன்னாடி தள்ளுங்க.

ரிங்மாஸ்டர்: வாங்க. கேஜையும் எடுத்துட்டு வாங்க.