மறு: சீக்வென்சர், ரீமிக்ஸ் – தமிழில் என்ன சொல்வது?

> சீக்வென்சர் – சுரவரிசைப் பொறி
> ரீமிக்ஸ் – மறுகலவை

நண்பர்களே, வணக்கம்.

மேலூர் அன்பர் பரிந்துரைத்த, மேலே உள்ள இரண்டு சொற்களில் முதலாவதில் எனக்குத் தயக்கம் உண்டு. சுரவரிசை என்றதும் பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்குச் சரளி வரிசைதான் நினைவுக்கு வரும். அதோடு, சீக்வென்சர் என்பது மிடி (MIDI) எனும் எண் குறிப்புகளை வரிசைப்படுத்திக் கருவிகளை ஒலிக்கவைக்கும் பொறி; அதில் ஓடுவதெல்லாம் சுரமும் அல்ல. கருவிக்கொரு சேனலாகப் போகும் குறிப்புகளில், டிரம்முக்கான பத்தாம் சேனலில் எண் 36 வந்தால் பேஸ் டிரம், 38 வந்தால் ஸ்நேர் டிரம். அங்கே ‘ச’வும் இல்லை, ‘ரி’யும் இல்லை. ‘இசை வரிசையாக்கி’ போதும். மரபணு ஆய்வகத்து வரிசையாக்கியோடு குழம்பாமல் முன்னால் நிற்கும் ‘இசை’ பார்த்துக்கொள்ளும்.

மிடி கோப்பை மாற்றுவதையும் மறுகலவை என்பதில்தான் சிக்கலே. கலப்பதற்கு ஒலி வேண்டுமே! மிடி கோப்பில் ஒலி கிடையாது. எந்தச் சுரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக, எந்தக் கருவியில் என்ற குறிப்புகள்தான் இருக்கும். (தமிழில் மிடி என்றால் வறுமை. பொருத்தமான பெயர்தான்.)

மதுரைப் பக்கம் திருவிழாக் கச்சேரிக்கு வாசிக்கும் கீபோர்டு நண்பர்கள் செய்வதைப் பாருங்கள். இணையத்தில் இறக்கிய பாட்டு வகை 0 கோப்பாக இருந்தால் பதினாறு சேனலும் ஒரே தடத்தில் அடைந்து கிடக்கும். அதைச் சேனல் வாரியாகப் பிரித்துத் தனித்தனித் தடங்களில் போடுகிறார்கள். சாக்சபோன் தடத்தில் கருவி எண் 66-ஐ 112 ஆக்கினால் அதே மெட்டு ஷெனாயில் வருகிறது. ஜெனரல் மிடி என்ற பொதுத் தரப் பட்டியலின் 128 கருவிகளில் நாதசுரம் இல்லை. கோவில் வாசலுக்கு ஷெனாயை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். பாடகருக்கு மேல் சுரம் எட்டவில்லையா? சுர எண்களில் இரண்டைக் கழித்தால் இரண்டு அரைச்சுரம் இறங்கிவிடும். டிரம் தடத்தை மட்டும் தொடக் கூடாது. தொட்டால் 38 போய் 36 வரும், ஸ்நேர் விழ வேண்டிய இடத்தில் பேஸ் டிரம் இடிக்கும்.

இதில் எங்கே கலவை? பாட்டைப் பிரித்து மாற்றிக் கட்டுகிறார்கள். மெட்டுக் கட்டுவது நம்மிடம் ஏற்கெனவே புழங்கும் வழக்கு. ஆகவே ‘மீள்கட்டு’ என்பது என் பரிந்துரை. பதிவான ஒலியை வெட்டி ஒட்டிக் கலப்பதற்கு ‘மறுகலவை’ இருக்கட்டும்.

திருமங்கலத்திலிருந்து

———

> ஆகவே ‘மீள்கட்டு’ என்பது என் பரிந்துரை.

ஐயா, இரண்டையும் பிரித்தது சரி. இசை வரிசையாக்கிக்கும் மறுப்பில்லை. ஆனால் மீள்கட்டு என்றதும் இடிந்த பாலத்தைத் திரும்பக் கட்டுகிற பொதுப்பணித் துறை டெண்டர்தான் என் கண்முன் வருகிறது. ‘மாற்றிக் கட்டுகிறார்கள்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்களே. ‘மாற்றுக்கட்டு’ என்று வைத்தால் என்ன குறை? செய்பவரை ‘மாற்றுக்கட்டாளர்’ என்றும் அழைக்கலாம். கீபோர்டு நண்பர்களிடம் இரண்டையும் சொல்லிப் பாருங்கள், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று எழுதுங்கள்.

மேலூரிலிருந்து