பதில்: விரிவிணைப்பா, விடுசந்தா? அடுக்குமாடித் தரைக்கு ஒரு சொல்

ஐயா, வணக்கம். குழுவுல எல்லாருக்கும் வணக்கம்.

> "விரிவிணைப்பு" என்ற சொல் கையில் இருக்கும்போது புதுச்சொல் எதற்கு அம்மா?

கேள்வி நியாயம்தாங்க ஐயா, தரையில விடற எக்ஸ்பான்ஷன் ஜாயிண்ட்டுக்கு அந்தச் சொல் இருக்குதான். ஆனா அந்தச் சொல்லை வெச்சி நான் நோட்டீஸ் அடிச்சா என்ன நடக்கும்னு சொல்றேன், அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க. இணைப்புன்னு படிச்ச உடனே நம்ம ஆளுங்களுக்கு என்ன தோணும், ரெண்டு பொருளைச் சேர்த்து இறுக்கி வெச்சதுன்னுதான் தோணும், பைப் இணைப்பு, கரண்ட் இணைப்புன்னு தினமும் சொல்றது அதைத்தானே. இங்க நாம பேசுறது நேர் எதிரானது. டைல்ஸ் வரிசைக்கு நடுவுல வேணும்னே விட்டுவெச்ச இடைவெளி, அதுக்குள்ள ரப்பர் மாதிரி அமுங்கி நீள்ற அடைப்பு, அதாவது சீலன்ட் மட்டும் இருக்கணும், வேற எதுவும் இருக்கக்கூடாது. "இணைப்பு விட்டுப்போச்சி"ன்னா அடுத்த வேலை அதை ஒட்டுறதுதான், இல்லீங்களா?

ஓசூர்ப் பக்கம் அடுக்குமாடிகள்ல நடக்கிறதும் அதேதான். காரிடார்ல இந்தச் சுவர்லேர்ந்து அந்தச் சுவர் வரைக்கும் குறுக்கால ஒரு கோடு ஓடும், நாளாவட்டத்துல மாப் போட்டுப் போட்டு அழுக்கேறி ஓரமெல்லாம் பிஞ்சி பார்க்க நல்லாவே இருக்காது, அசோசியேஷன்ல யாராவது ஒருத்தர் பில்டர் அரைகுறையா விட்டுட்டுப் போயிட்டான்னு சொல்லி ஆளைக் கூப்பிட்டு சீலன்ட்டை நோண்டி எடுத்துட்டு வெள்ளை சிமெண்ட்டை அப்பி மழமழன்னு பண்ணிடுவாங்க. பார்க்க அழகா இருக்கும். அப்புறம் ஒரு மத்தியானம் டொப்புன்னு சத்தம். வெளிய வந்து பார்த்தா ரெண்டு டைல்ஸ் விளிம்போட விளிம்பு முட்டி சீட்டுக்கட்டு வீடு மாதிரி எழும்பி நிக்கும். தூக்கித் திருப்பிப் பாருங்க, முதுகுல ஒரு பொட்டு கலவை ஒட்டியிருக்காது, சுத்தமா பிரிஞ்சி வந்திருக்கும், பக்கத்து டைல்ஸை ஒரு ரூபாக் காசால தட்டிக்கினே போனா நாலஞ்சு வரிசைக்கு வெத்துச் சத்தம்தான் கேக்கும். உடனே டைல்ஸ் மட்டம், கம்பெனி சரியில்லைன்னு சண்டை. டைல்ஸ் மேல தப்பே இருக்காது.

இதுக்குக் காரணம் பாதிப் பேரு வெயில்னு நினைக்கிறாங்க, அது பாதிதான் உண்மை. கான்கிரீட் தளம் ஊத்தி காய காய சுருங்கும். எவ்வளவு சுருங்கும்னு தனியா கணக்கு கையில இல்லைன்னா நீளத்துல 0.0003 பங்குன்னு எடுத்துக்கச் சொல்லுது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. அப்படின்னா 10 மீட்டருக்கு 3 மி.மீ., 30 மீட்டர் காரிடாருக்கு 9 மி.மீ. கம்பி கொஞ்சம் புடிச்சி நிறுத்தும், தளம் பழசாகிட்டா மிச்ச சுருக்கமும் கம்மிதான், ஆனா நம்ம ஆளுங்க தளம் காயறதுக்கு எங்க காத்திருக்காங்க, சென்ட்ரிங் பிரிச்ச கையோட டைல்ஸ் லாரி வந்து நிக்குது. மேல ஒட்டின விட்ரிஃபைட் டைல்ஸ் சுருங்காது, அது ஏற்கெனவே 1200 டிகிரி பக்கத்துல சூளையில வெந்து வந்தது, தண்ணி உறிஞ்சறதே அரை சதவீதத்துக்கும் கீழ. அடியில இருக்கிறது குறுகுது, மேல இருக்கிறது குறுகாது, சுவர் ரெண்டு பக்கமும் நெருக்குது, அப்ப அது எங்கதான் போகும், மேலதான் எழும்பும்.

அதனால ஐயா, "விரிவு"ங்கறதும் சரியில்லை, "இணைப்பு"ங்கறதும் சரியில்லை. சுருங்குறதுக்கும் சேர்த்துத்தான் இந்த இடைவெளி. ரெண்டு பாதியும் தப்பா இருக்கிற சொல்லை நான் எப்படி அச்சுல போடறது?

புதுசா சேர்ந்தவங்களுக்காக: நாங்க எழுதறது அடுக்குமாடிக்குத் தரை தேர்ந்தெடுக்க ஒரு ரெண்டு பக்கக் குறிப்பு, வீட்டுக்காரங்களும் படிக்கணும் மேஸ்திரியும் படிக்கணும். தனி வீட்டுக்கு 12 அடி ரூம், சுத்தியும் சுவர், சுமாரா போட்டாலும் தப்பிச்சிடும். நூறு வீடு இருக்கிற கட்டடத்துல லாபி, நீள காரிடார், கார் பார்க்கிங் மேல இருக்கிற திறந்த தளம், இங்கெல்லாம்தான் வம்பு. வெளிநாட்டு டைல்ஸ் வழிகாட்டிகள்ல கட்டடத்துக்குள்ள 20-25 அடிக்கு ஒரு கோடு, வெயில் படற இடத்துல 8-12 அடிக்கே ஒரு கோடுன்னு சொல்றாங்க, அது போக சுவரோரம் சுத்தி கால் இஞ்ச் அளவுக்கு விடணும், சுவரடியில ஒட்டுற ஸ்கர்ட்டிங் மேல வந்து மறைச்சிடும், யாருக்கும் தெரியாது. அந்தச் சுவரோர இடைவெளியைத்தான் பல இடத்துல கலவை போட்டு அடைச்சிடறாங்க.

இந்தக் குறிப்புல அதிகமா சண்டை வந்தது கிரானைட் விஷயத்துல. கிருஷ்ணகிரியில உக்காந்துக்கினு மோர்பியிலேர்ந்து டைல்ஸ் இறக்குறதான்னு கேக்குறாங்க, எனக்கும் அந்த வீம்பு உண்டு, நம்ம மலையில வெட்டின பாரடைஸோ கல்லு கப்பல் ஏறி வெளிநாடு போவுது, நாம குஜராத்துல சுட்டதைப் போடறோம். லிஃப்ட் வாசல், படிக்கட்டு, தரைத்தள லாபிக்கு கிரானைட்டை அடிச்சிக்க ஆளில்லை, சாமானை இழுத்தாலும் தேயாது. ஆனா எல்லா மாடிக்கும் போடறதுன்னா எடையைப் பாருங்க. 18 மி.மீ. கல்லு சதுர மீட்டருக்கு 48 கிலோவுக்கு மேல, அடியில 40 மி.மீ. கலவை போட்டா அது ஒரு 80-85 கிலோ, மொத்தம் 130ஐத் தாண்டும். மட்டமா இருக்கிற தளத்து மேல 9-10 மி.மீ. டைல்ஸை அட்ஹெசிவ் வெச்சி ஒட்டினா எல்லாம் சேர்ந்து 30 கிலோதான். 1000 சதுர அடி வீட்டுக்கு 9 டன் வித்தியாசம். தரைப் பூச்சுக்குன்னு டிசைன்ல பொதுவா விடறதே சதுர மீட்டருக்கு 100லேர்ந்து 150 கிலோ. புதுக் கட்டடம்னா முதல்லயே சொல்லி கணக்குல சேர்த்துக்கலாம், இருக்கிற பழைய தரையை உடைக்க சோம்பேறித்தனப்பட்டு அது மேலயே கிரானைட் போடறவங்க ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கேக்காம செய்யவே கூடாது. (கதவு அடியை அறுக்கணும்ங்கறது அப்புறம்தான் ஞாபகம் வரும், அது வேற கதை.)

கல்லுக்கும் இடைவெளி வேணும். பேப்பர் ஜாயிண்ட்டுன்னு சொல்லி கல்லோட கல்லு முட்டவெச்சிப் போடறது ஷோரூம்ல அழகு, 30 மீட்டர் காரிடார்ல ஆகாது.

மத்த சொற்கள் பெருசா தகராறு இல்லை. விட்ரிஃபைட் அப்படியே இருக்கட்டும், கடையில அதைத்தான் கேக்கணும். "வழுக்குத்தடை" எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. ஜெர்மன்காரங்க சாய்தளத்துல எண்ணெயை ஊத்தி ஆளை நடக்கவிட்டு, சாய்வைக் கூட்டிக்கினே போய் எந்தக் கோணம் வரைக்கும் நிக்கிறான்னு பார்த்து ஆர் 9லேர்ந்து ஆர் 13 வரைக்கும் தரம் பிரிக்கிறாங்க, சாய்வுப் பாதைக்கு ஆர் 11 கேளுங்கன்னு எழுதியிருக்கேன். அப்புறம் நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, டைல்ஸ் மேல வெள்ளைப் படிவு வரும், அதுக்கு ஆசிட் ஊத்தினா டைல்ஸ் நடுவுல அடைக்கிற சிமெண்ட் கிரவுட்டை அரிச்சிடும்னு ஒரு வரி சேர்த்திருக்கேன்.

இப்ப என் பரிந்துரை: விடுசந்து. வேணும்னு விட்ட சந்து. டைல்ஸுக்கு நடுவுல இருக்கிறதை மேஸ்திரிங்க சந்துன்னுதான் சொல்றாங்க, "சந்துல பவுடர் அடிச்சாச்சா"ன்னுதான் கேப்பாங்க. நானா உருவாக்கினது முன்னாடி இருக்கிற "விடு" மட்டும்தான்.

ஓசூரிலிருந்து

———

அம்மா,

விரிவு, இணைப்பு ரெண்டையும் நீங்க உடைச்சதுக்கு என்கிட்ட மறுப்பு இல்லை. பழைய கலைச்சொல் பட்டியல்ல இருக்குங்கறதுக்காகக் கட்டிக்கிட்டு அழவேண்டாம்.

"விடுசந்து" வினைத்தொகை, சுடுசோறு ஊறுகாய் மாதிரி. வல்லினம் மிகாது. அச்சுக்குக் குடுக்கும்போது "விடுச்சந்து"ன்னு ஒற்றுப் போட்டுடுவாங்க, பார்த்துக்கோங்க. இலக்கணம் சரி, ஆனா எனக்கு சந்து மேல ரெண்டு தயக்கம். ஒண்ணு, அது சந்திங்கற வடசொல்லோட வழி வந்தது, நல்ல தமிழ்ச் சொல் கிடைக்கிறப்போ அதை ஏன் எடுக்கணும். ரெண்டாவது, சந்துன்னா தருமபுரியில பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி நாலு பேரு ஒதுங்குற இடம். ஒரு பொறியியல் குறிப்புல அது கௌரவமா இருக்குமா? "விடுவெளி"ன்னு வெச்சா என்ன? வெளின்னா இடம்தானே, வெற்றிடம்தானே.

இன்னொரு சந்தேகம். நாங்க வீடு கட்டின காலத்துல மொசைக் தரை போடறவங்க கண்ணாடிப் பட்டையை நிறுத்திவெச்சி கட்டம் கட்டமா ஊத்துவாங்க. சிவப்பு சிமெண்ட் தரைக்கும் அப்படிப் பார்த்திருக்கேன். அதுவும் நீங்க சொல்றதும் ஒண்ணா? ஒண்ணுன்னா அதுக்கு அந்தக் காலத்து மேஸ்திரிங்க என்ன பேரு வெச்சிருந்தாங்கன்னு தேடலாமே. பெரிய கட்டடத்தையே ரெண்டா பிரிச்சி நடுவுல இடைவெளி விடறாங்களே, அதுக்கும் இதே பேரா, வேற பேரா? ஒரே பேரை ரெண்டுக்கும் வெச்சா நாளைக்கு குழப்பம்.

தருமபுரியிலிருந்து

———

ஐயா,

கண்ணாடிப் பட்டை கேள்வி அருமை. நோக்கம் ஓரளவு ஒண்ணு, வேலை வேற. பெரிய பரப்பா ஊத்தினா காயும்போது கண்ட இடத்துல வெடிக்கும், அதனால சின்னச் சின்னக் கட்டமா பிரிச்சாங்க, வெடிச்சாலும் பட்டை ஓரமா போயிடும். ஆனா கண்ணாடி அமுங்காதுங்களே. ரெண்டு பக்கமும் நெருக்கினா அது இடம் குடுக்காது. அங்க தரையே தளத்தோட சேர்த்து ஊத்தின சிமெண்ட், அதுவும் கூடவே சுருங்கும், இந்த நெருக்கடி வரலை. அதனால அந்தப் பேரை இங்க கொண்டு வந்தா தப்பான வேலைக்குத்தான் போகும். பட்டைன்னு எழுதினா அலுமினியப் பட்டையை வெச்சி அடைச்சிட்டு வேலை முடிஞ்சிதுன்னு போயிடுவாங்க.

கட்டடத்தைப் பிரிக்கிறது வேறதான். 45 மீட்டருக்கு மேல நீளமான கட்டடத்துக்கு அப்படி ஒண்ணாவது வேணும்னு ஐ.எஸ். 456 சொல்லுது, அது தளத்தையே அறுத்துக்கினு ஒவ்வொரு மாடியிலயும் அதே இடத்துல வரும். அதுக்கு மேல டைல்ஸைப் பாலம் போட்டு ஒட்டவே கூடாது, கீழ கட்டடம் எங்க பிரியுதோ மேல தரையும் அங்கயே பிரியணும், மூடுறதுக்கு உலோகத் தகடு தனியா வருது. அதைக் "கட்டடச் சந்து"ன்னு வெச்சிடலாம், தரையில மட்டும் விடறது விடுசந்து. குழப்பம் வராது.

விடுவெளி காதுக்கு இனிமையா இருக்கு, ஆனா போன்ல "அண்ணே அந்த விடுவெளியைப் பாருங்க"ன்னா "எங்கம்மா வெளிய"ன்னு கேப்பாரு. நேத்து சைட்ல சும்மா ரெண்டையும் சொல்லிப் பார்த்தேன், சந்துன்னதும் குனிஞ்சி தரையைப் பார்த்தாங்க, வெளின்னதும் பால்கனியைப் பார்த்தாங்க.

வடசொல் விஷயத்துல நான் உங்ககூட வாதாட மாட்டேன், உங்களுக்குத் தெரிஞ்சதுல கால்வாசி எனக்குத் தெரியாது. ஆனா ஓசூர் நிலைமையைக் கொஞ்சம் பாருங்க. இங்க ஒரே சைட்ல தமிழு, தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடுது. சந்துன்னா கன்னடத்துலயும் இடுக்குதான், தெலுங்குலயும் இடுக்கு, தெருச்சந்துதான். மூணு பேரும் ஒரே சொல்லுல புரிஞ்சிக்கிற வாய்ப்பு தானா வந்து நிக்குது, அதை வேணாம்னு தள்ள எனக்கு மனசு வரலை. இந்திக்காரப் பசங்களுக்கு எப்படியும் கையால காட்டித்தான் சொல்லணும். கௌரவத்துக்கு என்ன, முழங்கால் சந்து, இடுப்புச் சந்துன்னு உடம்புக்கே சொல்றோம். மடங்குற இடம், அசையுற இடம். அசையாம போனா வைத்தியர்கிட்ட ஓடறோம்.

நோட்டீஸ்ல இப்படிப் போடலாம்னு இருக்கேன், திருத்திக் குடுங்க:

"காரிடார் தரையில் குறுக்காக ஓடும் மெத்தென்ற கோடுகள் விடுசந்துகள். இவை வேண்டுமென்றே விடப்பட்டவை. சிமெண்டோ, வெள்ளை சிமெண்டோ, எபாக்சியோ போட்டு அடைக்கக் கூடாது. கிழிந்துபோனால் பழைய சீலன்ட்டை எடுத்துவிட்டு புது சீலன்ட் மட்டும் போடவும். சுவரோரம் ஸ்கர்ட்டிங்குக்குப் பின்னால் இருக்கும் சந்தும் இதில் அடங்கும். வீட்டுக்குள் தரை மாற்றுகிறவர்களும் சுவரோரச் சந்தை விட்டே ஒட்டச் சொல்லவும்."

எபாக்சியைத் தனியா சொல்லக் காரணம் இருக்கு. மத்த சந்துக்கெல்லாம் எபாக்சி கிரவுட் நல்லது, கறை பிடிக்காது, அதனாலேயே விடுசந்துலயும் சேர்த்து அடிச்சிடறாங்க, சிமெண்ட்டை விட கெட்டியா உக்காந்துக்கும்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. சீலன்ட் போடறதுக்கு முன்னாடி சந்துக்குள்ள ஒரு ஃபோம் ராடைத் திணிப்பாங்க, அப்பத்தான் சீலன்ட் ரெண்டு பக்கம் மட்டும் ஒட்டும், அடியிலயும் ஒட்டிக்கிச்சின்னா இழுக்கும்போது நீள முடியாம கிழிஞ்சிடும். இதுக்கு "நுரைத்திரி"ன்னு எழுதி வெச்சிருக்கேன். இதுல ஒற்று மிகுங்களா ஐயா? சனிக்கிழமை பிரிண்டுக்குக் குடுக்கணும், வெள்ளிக்குள்ள சொன்னீங்கன்னா நல்லா இருக்கும்.

ஓசூரிலிருந்து