புனிதர் பெயரைத் தாங்கிய ஊர்ப்பெயருக்கு ஒரு சொல் வேண்டும் (அவசரம்)

அன்பின் குழுவினருக்கு,
பிரான்சின் பிரிட்டனி பகுதி நிலப்பட விளக்கங்களை வெள்ளிக்குள் அனுப்பியாக வேண்டும். 'ஹேஜியோடோபோனிம்' (புனிதர் பெயரைத் தாங்கிய ஊர்ப்பெயர்) என்று ஒரு கட்டத்தின் தலைப்பு. கட்டம் சிறியது, இரண்டு சொல்லுக்கு மேல் கொள்ளாது. எடுத்துக்காட்டு சேன்-மாலோ ('சேன்' என்றால் புனிதர்). 6ஆம் நூற்றாண்டில் வேல்சிலிருந்து வந்ததாகச் சொல்லப்படும் மாலோ என்ற துறவியின் பெயர். 1764இல் பிரெஞ்சுக் கடலோடி பூகன்வில் அந்த ஊர்க்காரர்களைக் கொண்டுபோய் தென் அட்லாண்டிக்கில் குடியமர்த்த, தீவுகள் 'மாலுயீன்' ஆயின. ஸ்பானியர் வாயில் 'மால்வினாஸ்'. 1982இல் போர் நடந்த அதே ஃபாக்லாந்து தீவுகள்.
– ந.

'அடியார்பெயர்' போதும். புனிதர் வடசொல்.
– மு.

ஐயா, அடியார் என்றால் நாயன்மார்தான் நினைவுக்கு வருவார்கள். பழைய கத்தோலிக்க நூல்களில் 'அர்ச்சியசிஷ்ட' என்றிருக்கும். அதைப் பார்க்கப் புனிதர் எவ்வளவோ தேவலை.
– செ.

இதற்கு எதற்குப் புதுச்சொல்? ஆகுபெயர்தானே! துறவி பெயர் ஊருக்கு, ஊர்ப்பெயர் ஊராருக்கு, ஊரார் பெயர் தீவுக்கு. 'கார்' (கருமை, மேகம், பருவம், பயிர்) போல மும்மடியாகுபெயர். அப்புறம், மாலோ என்பதே நம் 'மால்' தானோ?
– க.

இல்லை. லத்தீனில் அவர் மாக்ளோவியஸ், மாக்குட்டஸ். திருமாலை விட்டுவிடுங்கள். 'மாலுயீன்' விகுதி ஏற்ற சொல். விகுதி வந்தபின் ஆகுபெயர் ஏது? கருத்தாவாகுபெயர் (செய்தவர் பெயர் செய்த பொருளுக்கு ஆவது) என்றும் யாரும் கிளம்ப வேண்டாம். மாலோ இருந்தது பக்கத்து அலெத்தில். ஆயர் பீடம் இன்றைய சேன்-மாலோவின் பாறை நகருக்கு மாறியதே 12ஆம் நூற்றாண்டில்தான்.
– செ.

1746இல் சென்னைக் கோட்டையைப் பிடித்த லா பூர்தொனே சேன்-மாலோவில் பிறந்தவர். சும்மா சொன்னேன்.
– க.

புரட்சிக் காலத்தில் 'சேன்' பட்டத்தை நீக்கி 'போர்-மாலோ' ('போர்' என்றால் துறைமுகம்) என்றார்கள். புனிதம் போயிற்று, ஆள் பெயர் நின்றது. பிரிட்டனியின் ப்ளோயர்மெல் ஊர்ப்பெயரில் பட்டமே கிடையாது: 'ப்ளோ' திருச்சபைப் பங்கு, 'ஆர்மெல்' துறவி. எனவே 'ஆட்பெயர் ஊர்' என்பதே சரி.
– மு.

அப்படியானால் விக்டோரியா நகருக்குச் சூட்டிய ராணி பெயரும் அதில் அடங்கிவிடும் ஐயா. துறவி என்பது சொல்லில் தெரிய வேண்டாமா?
– செ.

சரி, நேரமில்லை. பெரும்பாலோர் புனிதர் பக்கம் என்று எடுத்துக்கொண்டு 'புனிதர்வழி ஊர்ப்பெயர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். நன்றி.
– ந.

'வழி' என்றால் வம்சம் என்றும் ஆகுமே. துறவிக்கு ஏது வம்சம்? என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளவும்.
– மு.