40 யூனிட் கூடினதுக்கு பில்லுல ஆயிரம் ரூபாய் ஏறுமா?

கொழிஞ்சாம்பாறை அக்கா:
எங்களுது சிங்கிள் பேஸ் கனெக்‌ஷன். போன தடவை ரெண்டு மாசத்துக்கு 480 யூனிட். இந்தத் தடவை 520. ஆனா கரண்ட் பில் ஆயிரத்துக்குக் கிட்ட ஏறியிருக்குங்க. மக பிரசவத்துக்கு வந்திருக்கா, இந்தப் பாலக்காட்டு வெயில்ல கைக்குழந்தையை வெச்சுக்கிட்டு ஏசி போடாம ராத்திரி படுக்க முடியல. அதுக்குக் கூடுதலா வரும்னு தெரியும், கட்டவும் தயார்தான். ஆனா 40 யூனிட்டுக்கு இவ்வளவா? மீட்டர் ஓடறதே தப்பு, எழுதிக் குடுக்கலாம்ங்கறார் வீட்டுக்காரர். பொள்ளாச்சி நாத்தனாரோ, எங்களுக்கு 100 யூனிட் ப்ரீ, உங்க ஊர்லதான் இப்படிங்கறா. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வடகரப்பதி தோட்டம்:
எழுதிக் குடுக்கறதுக்கு முந்தி ஒண்ணு பாருங்க. மெயின் ஆன்லயே இருக்கட்டும். பிரிட்ஜ், இன்வெர்ட்டர் உள்பட எல்லாத்தையும் ஆப் பண்ணுங்க. அப்பவும் மீட்டர்ல சிவப்பு லைட் மினுக்கிட்டே இருந்தா எங்கியோ கரண்ட் ஒழுகுது.

சித்தூர் வயர்மேன்:
அக்கா, மீட்டர் மேல குத்தம் இருக்கும்னு தோணலீங்க. நீங்க 500-ஐத் தாண்டிட்டீங்க, அதுதான் விஷயம்.

கேரளாவுல கணக்கு மாசத்துக்கு 250 யூனிட், அதாவது ரெண்டு மாச பில்லுக்கு 500. அதுக்குள்ள இருந்தா படிப்படியா ரேட்டு. 2025 ஏப்ரல் 1-லிருந்து முதல் 50 யூனிட்டுக்கு 3.35, அடுத்தடுத்த 50-க்கு 4.25, 5.35, 7.20, 8.50. ஒரு யூனிட் தாண்டினாலும் படி போயிரும். முதல் யூனிட்லிருந்து எல்லாத்துக்கும் ஒரே ரேட்டு, மாசம் 300 வரைக்கும் 6.75.

உங்க கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 480 யூனிட்னா மாசம் 240. மாசத்துக்கு 1,347.50, ரெண்டு மாசத்துக்கு 2,695 ரூபாய். 520-ன்னா மாசம் 260, எல்லாமே 6.75. ரெண்டு மாசத்துக்கு 3,510. வித்தியாசம் 815. இதுக்கு மேல 10 சதவீதம் டூட்டி, அதாவது கரண்ட் வரி. மாசா மாசம் கட்டற பிக்ஸட் சார்ஜும் எத்தனை யூனிட்ங்கறதைப் பொறுத்து ஏறும். ஆயிரம் வந்துருச்சுங்களா?

ரேட்டு கூடினதும் இருக்கு. கரண்ட் ரேட்டை முடிவு பண்ற ரெகுலேட்டரி கமிஷன் 2024 டிசம்பர்ல யூனிட்டுக்குச் சராசரி 16 பைசா, 2025 ஏப்ரல்ல 12 பைசா கூட்டினாங்க. எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. ஆனா எங்க பக்கத்து வீடுகள்ல பில்லு ஒரேயடியா எகிறுறது இந்தப் படி போறதாலதான். இது ஜனங்களுக்குத் தெரியாமயே இருக்கறது எனக்கு ரொம்ப வருத்தம். ரீடிங் எடுக்க வர்ற பையனைப் புடிச்சுத் திட்டறாங்க, அவன் என்ன பண்ணுவான்.

கோபாலபுரம் (எல்லைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம்):
நாத்தனார் சொல்றது சரிதான், 2025 கணக்குப்படி தமிழ்நாட்டுல எல்லா வீட்டுக்கும் ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் ப்ரீ. 2025 ஜூலை ரேட்டு ஏத்தத்தையும் வீடுகளுக்கு அரசாங்கமே ஏத்துக்குச்சு. ஆனா எங்களுக்கும் 500 ஒரு கோடுதாங்க. அதுக்குள்ள இருந்தா 101-லிருந்து 200 வரைக்கும் 2.35. தாண்டினா அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 ஆயிரும், அதுலயே 235 ரூபாய் போச்சு. 500-க்கு மேல போற யூனிட்டுக்கு 8.40 வேற. நாத்தனார் வீட்டுலயும் ஏசி இருந்தா அவங்களும் பார்த்துக்கணும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
எல்லாத்தையும் ஆப் பண்ணிப் பார்த்தோம், மினுக்கல. வயர்மேன் தம்பி, கணக்கு புரிஞ்சுது, வீட்டுக்காரருக்கும் காட்டிட்டேன். குழந்தை இருக்கற வரைக்கும் ஏசியை நிறுத்த முடியாது. வேற எதைக் குறைக்கலாம்?

சித்தூர் வயர்மேன்:
ஏசியை நிறுத்த வேண்டாங்க. 26-ல வெச்சு மெல்ல பேன் போடுங்க, போதும். பிரசவ வீடுன்னா வெந்நீர் நிறைய ஆகும், பாத்ரூம்ல ஹீட்டர் இருக்குதுங்களா? 2,000 வாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். தினம் அரை மணின்னா ரெண்டு மாசத்துக்கு 60 யூனிட். உங்களுக்குக் குறைய வேண்டியது 20-தான். கொல்லையில தென்னை மட்டையும் கொதும்பும் கிடக்கும், தாய்க்கும் புள்ளைக்கும் தண்ணியை வெளியடுப்புல காய வையுங்க.

அப்புறம் மீட்டரை நீங்களே பார்க்கப் பழகுங்க. டிஸ்ப்ளே மாறி மாறி ஓடும். கேடபிள்யூஎச் (kWh)-னு வர்றப்போ இருக்கற நம்பர்தான் யூனிட். பில்லுல இருக்கற போன ரீடிங்கை ஒரு காகிதத்துல எழுதி மீட்டர் பெட்டிகிட்ட ஒட்டுங்க, பில்லு எழுத்து சீக்கிரம் மங்கிரும். முப்பது நாள் ஆனதும் மீட்டர் நம்பர்ல இருந்து அதைக் கழிச்சுப் பாருங்க. 250-க்குள்ள இருந்தா சரி, 270 ஆச்சுன்னா அடுத்த மாசம் 230-ல புடிச்சா போதும்.

கொழிஞ்சாம்பாறை அக்கா:
ஹீட்டர் இருக்கு தம்பி, காலைல ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை போடறோம். நாளையிலிருந்து வெளியடுப்புதான்.