ஆறு பேர், அதில் ஒரு கைக்குழந்தை: ஏழு சீட்டா, ஐந்து சீட்டா?

திருப்பூர் அப்பா:
வணக்கம். வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, நாலு வயது மகன், எட்டு மாதப் பெண் குழந்தை, அப்பா, அம்மா. இதுவரை ஸ்கூட்டர்தான். மகன் முன்னால் நின்றுகொள்வான். மனைவி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாள். போன மாதம் பல்லடம் ரோட்டில் ஒரு லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை. கார் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

எல்லாம் சேர்த்து 11 லட்சத்துக்குள் முடிக்க வேண்டும். தெரிந்தவர் ஒருவரின் 2021 எர்டிகா, ஏழு சீட்டு வண்டி, விலைக்கு வருகிறது. இல்லையென்றால் ஐந்து சீட்டில் புது டிசையர், அல்லது நெக்ஸான். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். மாதம் ஒரு தடவை தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகப் போவோம். மற்ற நாட்களில் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மார்க்கெட். எல்லோரும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. குழந்தைகளுக்குப் பாதுகாப்பான வண்டி வேண்டும் என்கிறாள் மனைவி. இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது.

பெருந்துறை பயணி:
தம்பி, யோசிக்காமல் எர்டிகாவை எடுங்கள். நான் ஒன்பது வருடமாக ஏழு சீட்டு வண்டிதான் ஓட்டுகிறேன். குழந்தை இருக்கிற வீட்டில் சாமான் எவ்வளவு சேரும் என்று வாங்கிய பிறகுதான் தெரியும். டயபர் பை, வெந்நீர் ஃபிளாஸ்க், மடக்குத் தொட்டில், ஊரிலிருந்து திரும்பும்போது அரிசி மூட்டை. சீலிங்கில் ஏசி வரும் வண்டியில் பின்னால் இருப்பவர்களுக்கு மே மாதத்திலும் புழுங்காது. கைக்குழந்தையைப் பாட்டி மடியில் வைத்துக்கொண்டால் அழாமல் தூங்கிவிடும். பாட்டியை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் நாலு பேர் மட்டும் கிளம்பினால், வழியெல்லாம் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

நாகர்கோவில் அம்மா:
மடி என்ற பேச்சையே விட்டுவிடுங்கள் அண்ணா, தயவுசெய்து. எனக்கு ஆறு வயதிலும் இரண்டு வயதிலும் பிள்ளைகள். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி சுவரில் மோதி நின்றால், அது மூன்றாவது மாடியிலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அந்த நொடியில் பத்து கிலோ குழந்தை இருநூறு கிலோவுக்கு மேல் இழுக்கும். எந்தப் பாட்டியின் கை தாங்கும்? பாட்டி பெல்ட் போடாமல் இருந்தால் அவருடைய முழு எடையும் குழந்தை மேல்தான் விழும்.

எட்டு மாதக் குழந்தைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்தோ இன்னும் வலுவடையவில்லை. அதனால்தான் அதற்கான தனிக் குழந்தை சீட்டைப் பின்பக்கம் பார்த்த மாதிரி மாட்டச் சொல்கிறார்கள். வண்டி சட்டென்று நின்றாலும் அந்த விசையை முதுகு முழுவதும் வாங்கிக்கொள்ளும், கழுத்து வெட்டி இழுபடாது. குறைந்தது 15 மாதம் வரை அப்படித்தான். என் பெண்ணை இரண்டு வயது வரை அப்படியே கொண்டுபோனேன்.

சட்டமும் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 194பி, 2019-ல் சேர்த்தது. 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாமல் கூட்டிப்போனால் 1,000 ரூபாய் அபராதம். மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கிய புது வண்டியும் இரண்டு குழந்தை இருக்கைகளும் வாங்குங்கள். பெரியவர்களை எப்படி அழைத்துப் போவது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பெருந்துறை பயணி:
அப்புறம் பார்க்கலாம் என்று ஒரே வார்த்தையில் பெரியவர்களைத் தள்ளிவிட்டீர்களே அம்மா.

குழந்தையைப் பற்றி எனக்கும் கவலை உண்டு. ஆனால் இந்தத் தம்பி இன்றைக்கு நாலு பேரோடு ஸ்கூட்டரில் போகிறார். எந்தக் கார் வந்தாலும் அதைவிட ஆயிரம் மடங்கு மேல். நல்ல குழந்தை சீட் ஒன்றே பத்தாயிரத்துக்கு மேல் ஆகிறது, இரண்டு வாங்கினால் இன்னும் எவ்வளவு? வாங்கினாலும் குழந்தை அதில் உட்காராது. என் பேரன் பதினைந்து நிமிடம் கத்தினான், மருமகள் தூக்கிவிட்டாள். மூன்று மணி நேரப் பயணத்தில் யார் அந்த அழுகையைத் தாங்குவது? ஓட்டுகிறவனுக்கும் கவனம் சிதறும், அதுவும் ஆபத்துதான்.

நட்சத்திரம் பற்றியும் சொல்கிறேன். 64 கி.மீ. வேகத்தில் ஒரு தடுப்பில் மோதிப் பார்த்துக் கொடுப்பது அது. நம் ஊர் ரோட்டில் எதிரே வருவது டிப்பர் லாரி. நிதானமாக ஓட்டுவதுதான் பெரிய பாதுகாப்பு.

பழைய வண்டி பார்ப்பவன்:
நான் இருபது வருடமாகப் பழைய வண்டி வாங்குபவர்களுக்குப் பரிசோதித்துக் கொடுக்கிறேன். இரண்டு பேருக்கும் கொஞ்சம் பதில் இருக்கிறது.

நட்சத்திரத்தை வருடத்தோடும் மாடலோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எர்டிகாவுக்கு 2019-ல் குளோபல் என்கேப் என்ற அமைப்பின் மோதல் சோதனையில் மூன்று நட்சத்திரம் கிடைத்தது. 2024-ல் விதிகள் கடுமையான பிறகு, இரண்டு ஏர்பேக் உள்ள வண்டிக்குப் பெரியவர்கள் பாதுகாப்பில் ஒன்று, குழந்தைகள் பாதுகாப்பில் இரண்டுதான். 2025-லிருந்து புது எர்டிகாவில் ஆறு ஏர்பேக் எல்லா மாடலிலும் வருகிறது. ஆனால் இவர் பார்ப்பது 2021 வண்டி. டிசையர், நெக்ஸான் இரண்டும் இந்தியாவின் மோதல் சோதனையான பாரத் என்கேப்பில் ஐந்து வாங்கியவை. அங்கே குழந்தைகளுக்கென்று 49 புள்ளிக்குத் தனி மதிப்பெண் இருக்கிறது. 18 மாதக் குழந்தை, மூன்று வயதுக் குழந்தை அளவில் பொம்மைகளை உட்காரவைத்து மோதிப் பார்க்கிறார்கள். நட்சத்திரத்தோடு நிற்காமல் அந்த 49-க்கு எத்தனை என்று கேளுங்கள். லாரியோடு மோதினால் அந்த மதிப்பெண் அப்படியே செல்லாது, பெருந்துறை அண்ணன் சொன்னது சரி. ஆனால் ஆட்கள் உட்காரும் கூண்டு நசுங்காத வண்டியும் நசுங்குகிற வண்டியும் அப்போதும் ஒன்றாகிவிடாது.

பணக் கணக்கு. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை உள்ள வண்டிக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18. பத்து லட்ச வண்டிக்கும் பத்தே கால் லட்ச வண்டிக்கும் வரியில் மட்டும் 54,500 ரூபாய் வித்தியாசம். இரண்டு நல்ல குழந்தை சீட்டுக்கு அது போதும். சன்ரூஃப் இருக்கிற மாடல் வேண்டாம், ஒரு படி கீழே எடுங்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து, நாலு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் பெட்ரோல் எஞ்சினும் உள்ள வண்டிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைவிட நீளமான எர்டிகாவுக்கு 40. நாலு மீட்டருக்குள் ஏழு சீட் வேண்டுமானால் ரெனோ ட்ரைபர் உண்டு. ஆனால் ஏழு சீட்டையும் விரித்தால் டிக்கியில் மிஞ்சுவது 84 லிட்டர். இரண்டு பள்ளிப் பைதான் நிற்கும்.

பழையது எடுப்பதாக இருந்தால் ஒவ்வொரு சீட் பெல்ட்டையும் முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள், நார் பிரிந்திருந்தால் தெரியும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம், அந்த வண்டியே வேண்டாம்.

நாகர்கோவில் அம்மா:
பெருந்துறை அண்ணா, பெரியவர்களைத் தள்ளுவதாக நீங்கள் எடுத்துக்கொண்டது என் வார்த்தைப் பிழை. மன்னிக்கவும். ஆனால் ஏழு சீட் என்றால் ஏழு பேரும் நிம்மதியாகப் போகலாம் என்பது குழந்தை சீட் மாட்டும் வரைதான். ஐசோஃபிக்ஸ், அதாவது குழந்தை சீட்டை வண்டி சீட்டோடு பூட்டும் கொக்கி, பெரும்பாலும் நடு வரிசையின் இரண்டு ஓரத்தில்தான் இருக்கும். இரண்டு ஓரத்திலும் குழந்தை சீட் மாட்டிவிட்டால் அந்த சீட்களை மடக்க முடியாது. மூன்றாவது வரிசைக்கு எப்படி ஏறுவது? மூட்டு வலி உள்ள பாட்டி டிக்கி வழியாகவா போவார்? கடைசி வரிசையில் உட்காருபவரின் தலைக்கும் பின் கண்ணாடிக்கும் இடையே ஒரு கை அகலம்கூட இருப்பதில்லை. பின்னால் வந்து மோதினால் என்ன ஆகும் என்று பாரத் என்கேப்பில் மோதிப் பார்ப்பதும் இல்லை. அங்கே பிள்ளைகளை உட்காரவைக்க எனக்கு மனசு வராது.

அழுகை பற்றி. என் மகனும் அழுதான். ஒரு வாரம் சீட்டை வீட்டு ஹாலில் வைத்து அதிலேயே சோறு ஊட்டினேன். அப்புறம் தெரு முனை வரை, அப்புறம் கடைவீதி வரை. பத்தாவது நாள் அதில் ஏறாமல் வண்டி நகராது என்று அவனே சொன்னான். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி இறக்கிவிட வேண்டும், அது உண்மை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீ, அவ்வளவுதான்.

திருப்பூர் அப்பா:
ஒரு சந்தேகம். நான் மட்டும் குழந்தையோடு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது முன் சீட்டில் என் பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளலாமா? அழுதால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான்.

பழைய வண்டி பார்ப்பவன்:
கூடவே கூடாது. முன் ஏர்பேக் விரியும்போது பின்பக்கம் பார்த்த குழந்தை சீட்டின் முதுகில் நேராக அடிக்கும். அது உயிரை எடுத்துவிடும். சில வண்டிகளில் அந்த ஏர்பேக்கை அணைக்க சுவிட்ச் இருக்கும். இருந்தாலும் பின் சீட்தான் குழந்தைக்கு இடம்.

ஓய்வு பெற்ற தாத்தா:
வயது 71. என் மகன் ஐந்து சீட்டு கார் வாங்கினான். பேரப்பிள்ளைகள் இரண்டு பேருக்கும் குழந்தை சீட் மாட்டினான். அவன் செய்தது சரிதான் என்று எனக்குத் தெரியும், ஒரு நாளும் குறை சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ அவர்கள் காரிலும் நானும் என் மனைவியும் பஸ்ஸிலுமாகப் போகிறோம். பேத்தி கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு கையசைப்பாள். வண்டி தெருவைத் திரும்பும் வரை நாங்கள் வாசலில் நிற்போம்.

தம்பி, உங்கள் அப்பா ஆசைப்படுவது சீட்டுக்காக அல்ல. வழியில் பேரன் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஆசைப்படுகிறார். முடிந்தால் ஆறு பேருக்கும் இடமுள்ள வண்டியாகப் பாருங்கள்.

வாங்கும் முன் பெரியவர்களையும் கூட்டிப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். சீட்டின் உயரம் இடுப்பளவில் இருந்தால் மூட்டு வலிக்காரர் அப்படியே சாய்ந்து உட்காரலாம். தாழ்வான காரில் விழுந்து எழ வேண்டும், ரொம்ப உயரமான வண்டியில் படி வேண்டும்.

நாகர்கோவில் அம்மா:
அப்பா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பதில் எழுத முடியவில்லை. என் மாமனாரும் இப்படித்தான் வாசலில் நிற்பார்.

என் கருத்தைக் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். எத்தனை சீட் என்று கேட்பதைவிட, ஆறு பேருக்கும் ஆளுக்கொரு பெல்ட், இரண்டு பிள்ளைகளுக்கும் தனி சீட் என்று உட்காரவைக்க முடிகிற வண்டி எது என்று பாருங்கள். பழைய வண்டிகள் பலவற்றில் நடு சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான் இருக்கும். பெரியவர்களும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பரில் மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தில் முன்னால் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்னால் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். அதுவும் விலை உயர்ந்த கார்.

பெருந்துறை பயணி:
மடி பற்றி நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். மூன்று பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாதது கடவுள் புண்ணியம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. ஆனால் ஏழு சீட் வேண்டும் என்பதை விடமாட்டேன். ஐந்து சீட் வாங்கி, ஊருக்குப் போகும்போது மட்டும் வேன் பிடித்தால் அந்த வேனில் பாதி சீட்டுக்குப் பெல்ட்டே வேலை செய்யாது.

பழைய வண்டி பார்ப்பவன்:
அதற்காகத்தான் சொல்கிறேன், ஐசோஃபிக்ஸோடு சாதாரண பெல்ட்டிலும் கட்டக்கூடிய குழந்தை சீட்டாக வாங்குங்கள். வாடகை வண்டியிலும் மாட்டலாம். பெல்ட் வேலை செய்கிற வண்டிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிப் பிடியுங்கள்.

திருப்பூர் அப்பா:
ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் கூட்டிப்போய்ப் பார்த்தோம். பக்கத்து வீட்டில் ஒரு கைக்குழந்தை சீட்டும், வேலை செய்யும் இடத்தில் ஒரு பெரிய சீட்டும் இரவல் வாங்கினேன்.

ஐந்து சீட்டு வண்டியில் இரண்டையும் மாட்டியபின் நடுவில் டேப் பிடித்தேன். பதின்மூன்று அங்குலம். மனைவி ஒருக்களித்து உட்கார்ந்தாள். அம்மாவால் முடியவில்லை. ஆறாவது ஆளுக்கு இடமே இல்லை. எர்டிகாவில் குழந்தை சீட்டை எனக்குப் பின்னால் மாட்டினோம், என் முழங்கால் டேஷ்போர்டைத் தொட்டது. மற்ற ஓரத்தைக் காலியாக விட்டால் அதை மடக்கி மனைவி கடைசி வரிசைக்குப் போகிறாள், பிறகு அம்மா நடு வரிசையில் ஏறுகிறார், அப்பா முன்னால். எல்லோருக்கும் இடம் கிடைத்தது. ஆனால் மகனுக்குக் கடைசி வரிசைதான் மிஞ்சியது. அங்கே அவனை உட்காரவைத்துப் பார்த்தபோது அவன் தலைக்குப் பின்னால் கண்ணாடிதான் தெரிந்தது. மனைவி ஒன்றும் பேசவில்லை.

போன வருடம் ஆறு பேரும் சேர்ந்து போன நாட்களைக் காலண்டரில் எண்ணினேன். பதினான்கு. இருநூறு நாளுக்கு மேல் குழந்தைகளோடு நானோ மனைவியோ மட்டும். அதனால் மனசு புது ஐந்து சீட்டுப் பக்கம் சாய்கிறது. தாத்தா எழுதியதைப் படித்த பிறகு அந்தப் பதினான்கையும் சின்ன எண்ணாக நினைக்க முடியவில்லை. வண்டி இன்னும் முடிவாகவில்லை. குழந்தை சீட் இரண்டையும் நேற்றே வாங்கிவிட்டேன், அப்பாதான் பணம் கொடுத்தார். மகன் ஹாலில் அதில் உட்கார்ந்துதான் இட்லி சாப்பிட்டான்.

பெருந்துறை பயணி:
முன்பணம் எங்கேயும் கொடுக்காதீர்கள் தம்பி. சனிக்கிழமை காலையில் என் வண்டியோடு திருப்பூர் வருகிறேன். வேறு மாடல், இன்னும் கொஞ்சம் நீளம். உங்கள் சீட் இரண்டையும் அதில் மாட்டி, பையனை நடு வரிசையில் வைக்க வழி இருக்கிறதா என்று பார்ப்போம். அம்மா அப்பாவையும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் அம்மா:
மாட்டும்போது வண்டி சீட்டின் முதுகுப் பக்கம், குழந்தை சீட்டின் மேல் பட்டையை இழுத்துக் கட்டும் கொக்கி இருக்கிறதா என்று மறக்காமல் பாருங்கள் அண்ணா. பையன் சீட்டுக்கு அது வேண்டும்.