சியாச்சின் பதக்கம் ஆவணத்தில் இல்லை: உதவி தேவை

முன்னாள் படைவீரர்களுக்கு வணக்கம். நான் தண்டையார்பேட்டையில் வசிக்கிறேன். ராணுவத்தில் சிப்பாயாகச் சேர்ந்து 2004இல் ஹவில்தாராக ஓய்வுபெற்றேன். 1993 முதல் 1994 வரை சியாச்சின் பனிமலையில் முன்னணிக் காவல் நிலையத்தில் பணியாற்றியும், அதற்குரிய சியாச்சின் பதக்கம் எனக்கு வழங்கப்படவில்லை. டிஸ்சார்ஜ் புத்தகத்தின் பதக்கப் பக்கத்தில் சைன்ய சேவா பதக்கமும் 9 ஆண்டு நெடுஞ்சேவைப் பதக்கமும் நீல மையில் எழுதப்பட்டிருக்கின்றன. அவற்றுக்குக் கீழே உள்ள வரி வெறுமையாக இருக்கிறது.

படைவீரர்களின் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் விண்ணப்பித்தேன். பதக்கத்துக்கான பார்ட் டூ ஆர்டர் (வீரரின் பணி விவரங்களைப் பதிவுசெய்யும் படைப்பிரிவு ஆணை) இல்லை என்று பதில் வந்தது. முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக அனுப்பிய மனுவுக்கும் அதே பதில்தான். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அந்தக் காலத்துப் பதிவேடுகள் அழிக்கப்பட்டுவிட்டன என்றார்கள். அந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனெனில் அங்கே ஏற்பட்ட பனிக்கடியால் என் இடது கால் பெருவிரல் நுனி கறுத்து, பிறகு அகற்றப்பட்டதை, இடத்தின் பெயரோடு ராணுவ மருத்துவமனைக் குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. உடன் பணியாற்றிய ஒருவர் சத்தியப் பிரமாணப் பத்திரம் தரவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்தப் பதக்கம் என் பேரனுக்குக் காட்ட வேண்டிய உரிமை என்றே கருதுகிறேன்.

பார்ட் டூ ஆர்டர் கிடைக்காத நிலையில், மருத்துவக் குறிப்பையும் பிரமாணப் பத்திரத்தையும் வைத்துப் பணிப்பதிவைத் திருத்திப் பதக்கம் பெற்றவர்கள் இங்கே இருந்தால், எந்த அதிகாரிக்கு, எந்த வடிவில் மனு அனுப்பினீர்கள்?